சீன மருந்துப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன்

கேள்வி: ஐயா, எனக்கு 38 வயது. ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். சிங்கப்பூரில், துவாஸில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். பதினான்கு மாதமாக விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் ஒரு வலி. உட்கார்ந்தால் கூடுகிறது. விந்து வெளியேறிய பிறகு எரிகிறது. ராத்திரி மூன்று முறை சிறுநீருக்கு எழுந்திருக்கிறேன். புரோஸ்டேட் அழற்சி என்று சொல்லி நான்கு தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கல்ச்சரில் கிருமி இல்லை என்றே வந்தது. பால்வினை நோய்ப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. எங்கள் சூப்பர்வைசர் சீனர், நல்ல மனிதர். அவரே என்னை ஒரு சீன மருந்துக் கடைக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த வைத்தியர் நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து, "கிட்னி வீக், கீழே ஈரச்சூடு" என்று சொல்லி ஏழு பொட்டலம் கொடுத்தார். இன்னும் காய்ச்சவில்லை. மூன்று மாதக் கோர்ஸாக விற்கும் ஒரு சீன மூலிகை மாத்திரையையும் ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். பிரஷருக்கு ஒரு மாத்திரை போடுகிறேன். இதையெல்லாம் சாப்பிடலாமா? கிட்னி கெட்டுவிட்டதா? சின்ன வயதுப் பழக்கத்தால் வந்ததா? மனைவிக்கு ஒட்டுமா? இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்படுகிறோம். அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். காய்ச்சுவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதற்கே முதலில் நன்றி. பெரும்பாலானவர்கள் முப்பது பொட்டலம் குடித்து முடித்துவிட்டுத்தான் எனக்கு எழுதுகிறார்கள்.

உங்களை அதிகம் பயமுறுத்தியது "கிட்னி வீக்" என்ற சொல் என்று தெரிகிறது. அதை முதலில் தீர்த்துவிடுவோம். சீன மருத்துவத்தில் "ஷென்" என்று ஒன்று உண்டு. அதைச் சிறுநீரகம் என்றுதான் மொழிபெயர்க்கிறார்கள். ஆனால் அவர்கள் கணக்கில் அது ஸ்கேனில் தெரிகிற அவரை விதை வடிவ உறுப்பு மட்டும் இல்லை. விந்து, பிள்ளைப்பேறு, எலும்பு, இடுப்பின் வலு, முதுமை எல்லாவற்றுக்கும் மூலமான ஒரு சக்தியை அங்கே வைத்துப் பேசுகிறார்கள். நம்மூரில் "தாது பலவீனம்" என்று சொல்கிறோமே, அதற்கு நெருங்கிய உறவு. "ஷென் குய்" என்று அவர்கள் சொன்னால் அந்தச் சக்தி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியேட்டினின் ஏறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. வைத்தியர் பொய் சொல்லவில்லை, உங்களைப் பயமுறுத்தவும் நினைக்கவில்லை. அவருடைய மொழி வேறு, அவ்வளவுதான். உங்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதை ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். அதைக் கட்டாயம் செய்யச் சொல்லப்போகிறேன், காரணம் பின்னால் வருகிறது.

"கீழே ஈரச்சூடு" என்பதும் அப்படித்தான். வெப்பமும் ஈரமும் சேர்ந்து அடிவயிற்றுக்குக் கீழே தேங்கிவிட்டன என்று பொருள். எரிச்சல், அடிக்கடி சிறுநீர், கலங்கிய சிறுநீர் என்று வருகிற ஆளை அவர்கள் வழக்கமாக இந்தப் பிரிவில்தான் சேர்ப்பார்கள். வலி நாள்பட்டுக் குத்தலாக ஒரே இடத்தில் நின்றால் "ரத்தத் தேக்கம்" என்பார்கள். ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தே இருப்பதாகவும் சொல்வார்கள்.

சரி, எங்கள் ஆங்கில மருத்துவம் வைத்திருக்கும் பெயராவது சரியாக இருக்கிறதா? அதுவும் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். புரோஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் ஆண்களின் சுரப்பி. புரோஸ்டேட் அழற்சி என்றால் அதில் கிருமி புகுந்து வீங்கியிருக்கிறது என்றுதான் எவருக்கும் தோன்றும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வகைப்பாட்டில் நான்கு பிரிவுகள் உண்டு. முதலாவது திடீர்க் கிருமித் தொற்று. இரண்டாவது நாள்பட்ட கிருமித் தொற்று. மூன்றாவது, கிருமியே காட்டாத நாள்பட்ட இடுப்புக்குழி வலி. நான்காவது தொந்தரவே இல்லாமல் பரிசோதனையில் மட்டும் தெரிவது. நாள்பட்ட வலியோடு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் மூன்றாவது பிரிவு. நான்கு கல்ச்சர் சுத்தமாக வந்த நீங்களும் பெரும்பாலும் அதில்தான். இந்தப் பிரிவில் வலி புரோஸ்டேட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. இடுப்பின் அடியில் தொட்டில் துணி மாதிரிக் கட்டியிருக்கிற தசைகள் இறுகிப்போயிருக்கும். அங்கே ஓடும் நரம்புகள் சின்ன அழுத்தத்தையும் பெரிய வலியாகச் சொல்லும். கவலையும் தூக்கமின்மையும் அதை இன்னும் முறுக்கும்.

அதனால் ஐந்தாவது தடவை ஆன்டிபயாடிக் வேண்டாம். யாராவது எழுதிக்கொடுத்தால், "எந்தக் கிருமிக்கு?" என்று மரியாதையாகக் கேளுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் குதிகால் தசைநாரைக்கூடப் பாதிக்கலாம் என்று எச்சரிக்கை இருக்கிறது. ஃபோர்க்லிஃப்டில் ஏறி இறங்கும் மனிதருக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஒரே ஒரு பரிசோதனை மட்டும் விட்டுப்போயிருக்கலாம்: விரலால் புரோஸ்டேட்டை அழுத்திவிடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த சிறுநீரைத் தனித்தனியாகக் கல்ச்சர் செய்வது. அதிலும் கிருமி வளரவில்லை என்றால் கிருமிக் கதையை அங்கேயே மூடிவிடலாம்.

இனி உங்கள் பொட்டலம்.

சிங்கப்பூரில் நான் வேலை பார்த்த ஆண்டுகளில் ஒரு பழைய மருந்துக் கடையில் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். கடைக்காரர் சீட்டைப் பார்க்காமலே இழுப்பறையைத் திறந்து, கையில் பிடிக்கும் மெல்லிய தராசில் வேரையும் பட்டையையும் நிறுத்து, விரித்த காகிதங்களில் சமமாகப் பங்கு வைப்பார். கடைசியில் மூன்று கிண்ணம் தண்ணீர் ஊற்றி ஒரு கிண்ணத்துக்கும் குறைவாக வற்றவிடச் சொல்லி அனுப்புவார். எட்டுக்கு ஒன்றாக வற்றக் காய்ச்சும் கஷாயத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது எங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடை மாதிரியே இருந்தது. அந்தக் கைத்திறன் மேல் இன்றும் எனக்கு மரியாதை உண்டு. 1867இலிருந்து இனம் பார்க்காமல் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்க்கும் தொங் சாய் மருத்துவ நிலையம் இருக்கிற ஊர் அது. அதனால் சீன மருந்து என்றாலே ஏமாற்று என்று நான் எழுதப்போவதில்லை.

ஆனால் பொட்டலத்தில் இருப்பதன் பெயர் தெரியாமல் அடுப்பில் வைக்காதீர்கள். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று சொல்கிறேன்.

சிறுநீர் எரிச்சலுக்கும் ஈரச்சூட்டுக்கும் சீன மருத்துவத்தில் "பா ஜெங் சான்", "லொங் தான் சியே கான் தாங்" என்று பெயர்பெற்ற பழைய கூட்டுகள் உண்டு. இரண்டிலும் "மு தொங்" என்ற ஒரு கொடித்தண்டு சேரும். மு தொங் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் விற்கப்பட்டன. அவற்றில் "குவான் மு தொங்" என்பது அரிஸ்டோலோக்கியா இனம். அதில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத் தழும்பாக்கி மெல்ல மெல்லச் செயலிழக்க வைக்கும். செல்லின் மரபணுவில் ஒட்டிக்கொண்டு, பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் உண்டாக்கும். கொதிக்க வைத்தால் போய்விடாது. குடிக்கும்போது வலி, வாந்தி என்று எதுவும் காட்டிக்கொடுக்கவும் செய்யாது.

இது வெறும் பயம் இல்லை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலியச் சீன மூலிகை கலந்த மருந்து சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. அங்கேயும் பெயர்க் குழப்பம்தான் காரணம். "ஹான் ஃபாங் ஜி" என்ற செடிக்குப் பதிலாக "குவாங் ஃபாங் ஜி" வந்துவிட்டது. பின்னாளில் அவர்களில் 39 பேருக்குச் சிறுநீரகத்தையும் சிறுநீர்க்குழாயையும் எடுத்துப் பார்த்ததில் 18 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. சீன அரசே 2003இல் குவான் மு தொங்கை மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. சிங்கப்பூரிலும் தயாரிப்பு மருந்துகளில் அந்த அமிலம் இருக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பதிவுபெற்ற கடையில் உங்களுக்குக் கிடைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. என்றாலும் உங்கள் பொட்டலத்தில் மு தொங் இருந்தால், எந்தச் செடி என்று கேட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் நம் ஆட்களுக்கும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே அரிஸ்டோலோக்கியா குடும்பம்தான். ஊரிலிருந்து யாராவது பொடியாக்கிக் கொடுத்தனுப்பினால் அதையும் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். செடி எந்த நாட்டில் முளைத்தது என்று சிறுநீரகம் பார்ப்பதில்லை.

உங்களுக்கென்று இன்னொரு கவனம். சீனக் கூட்டுகள் பெரும்பாலானவற்றில் "கான் சாவ்" சேரும். அது நம் அதிமதுரம். தொண்டைக்கு இதமானதுதான். ஆனால் தினமும் வாரக்கணக்கில் உள்ளே போனால் உடம்பில் உப்பும் நீரும் தங்கி பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பிரஷர் மாத்திரை போடுகிற நீங்கள் இதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். "தான் ஷென்" என்ற சிவப்பு வேரும் ரத்தத் தேக்கத்துக்காக அடிக்கடி எழுதப்படும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடவே கூடாது. உங்களுக்கு வார்ஃபரின் இல்லை, ஆனால் இதைப் படிக்கும் யாருக்காவது இருக்கலாம். "ஹுவாங் பாய்" பட்டை இருந்தால், ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடையும் பிறவிக் குறைபாடு) உண்டா என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிங்கப்பூர் அரசு 1978இல் அதிலுள்ள பெர்பெரினைத் தடை செய்ததும், பச்சிளங்குழந்தைகளுக்கு இந்தக் குறைபாட்டால் வந்த மஞ்சள்காமாலையை நினைத்துத்தான். பின்னாளில் தடையை நீக்கிவிட்டார்கள். குறைபாடு உள்ளவர்களுக்கான எச்சரிக்கை மட்டும் நிற்கிறது.

அந்த ஆன்லைன் மாத்திரைக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். அமெரிக்காவில் "பிசி-ஸ்பெஸ்" என்று எட்டு மூலிகைகளின் கலவை புரோஸ்டேட்டுக்காக விற்றது. நிறையப் பேருக்கு உண்மையிலேயே வேலையும் செய்தது. 2002இல் ஆராய்ந்து பார்த்தபோது உள்ளே வார்ஃபரின், இண்டோமெதாசின் என்ற வலி மருந்து, டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் எல்லாம் வெளிவந்தன. மூலிகை என்று நம்பி விழுங்கியவர்கள் சீட்டில் எழுதாத ஆங்கில மருந்தைச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒரு மாத்திரை இரண்டே நாளில் வலியைச் சட்டென்று அடக்கினால் எனக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம் வரும். சிங்கப்பூரில் விற்கும் சீனத் தயாரிப்பு மருந்துகள் சுகாதார அறிவியல் ஆணையத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். ஆர்சனிக், ஈயம், பாதரசம் போன்றவற்றுக்கு அளவு வரம்பும் உண்டு. வெளிநாட்டிலிருந்து நேராகப் பார்சலில் வருவதை அப்படி யாரும் பார்த்து அனுப்புவதில்லை.

அப்படியானால் சீன மருந்தால் பலன் உண்டா, இல்லையா? நேராகவே சொல்கிறேன். இந்த நோயின் தீவிரத்தை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. மதிப்பெண் 0 முதல் 43 வரை. கூடக்கூடத் தொந்தரவு அதிகம். 6 புள்ளி குறைந்தால்தான் ஆளுக்கு நன்றாகத் தெரிகிற முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறோம். சீன மூலிகைக் கூட்டுகளை வைத்து நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பில், சராசரியாக 3 புள்ளி அளவுக்குக் குறைந்தது தெரிகிறது. ஆய்வுகளின் தரமும் வலுவாக இல்லை. ஆகவே கொஞ்சம் உதவலாம், அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

சீன மருத்துவத்திலேயே இதைவிட நல்ல சான்று உள்ளது ஒன்று இருக்கிறது: அக்குபங்சர். 2021இல் வெளியான சீன ஆய்வில் 440 ஆண்கள். பாதிப் பேருக்கு உண்மையான ஊசி, பாதிப் பேருக்குப் போலி ஊசி, எட்டு வாரத்தில் 20 அமர்வுகள். உண்மையான ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு 6 புள்ளியோ அதற்கு மேலோ குறைந்தது. போலி ஊசியில் 37 பேர். ஊசியை நிறுத்தி 24 வாரம் கழித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட அப்படியே நின்றது. அதற்கு முன்பே 2008இல், உங்களுக்குப் பக்கத்திலேயே, மலேசியாவின் பினாங்கில் 89 பேரை வைத்து நடந்த ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. ஊசி பெரும்பாலும் கீழ்முதுகிலும், வால் எலும்புக்குச் சற்று மேலேயும், கணுக்காலின் உட்புறத்துக்கு மேலும் விழும். வலிக்கிற இடத்தில் குத்துவார்களோ என்று பயப்பட வேண்டாம். வயிற்றுக்குள் எதுவும் போகாததால் சிறுநீரகத்துக்கும் வேலை இல்லை. சீன வைத்தியம்தான் பார்ப்பேன் என்றால், நான் உங்கள் இடத்தில் கஷாயத்தை ஓரமாக வைத்துவிட்டு ஊசியில்தான் தொடங்குவேன். சிங்கப்பூரில் சீன வைத்தியர்கள், அக்குபங்சர் செய்பவர்கள் எல்லோரும் சட்டப்படி சீன மருத்துவர் வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வைத்தியரின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம்.

அப்புறம் உங்கள் வேலை. எட்டு மணி நேரம் அதிரும் இருக்கையில் அந்தத் தசைகளின் மேலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். இதை மாற்றாமல் எந்த மருந்தும் முழுசாக நிற்காது. நடுவில் பள்ளமுள்ள மெத்தை வாங்கிப் போடுங்கள். முக்கால் மணிக்கு ஒரு முறை இறங்கி இரண்டு நிமிடம் நடங்கள். காலையும் இரவும், நம் ஊர்க் கழிப்பறையில் குந்துவது போலக் குதிகால் தரையில் பதியக் குந்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிறு முன்னால் தள்ளும்படி மெதுவாக மூச்சை இழுங்கள். மூச்சு உள்ளே போகும்போது ஆசனவாயைச் சுற்றி லேசாகத் தளர்வதை உணர்வீர்கள். அந்தத் தளர்வுதான் மருந்து. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஐந்தைந்து நிமிடம். கெகல் பயிற்சி என்று இறுக்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்துச் செய்யாதீர்கள், ஏற்கனவே இறுகிய தசையை இன்னும் இறுக்கும். இடுப்புத்தளத் தசைக்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் மிக நல்லது. வெந்நீரில் உட்கார விடுதி அறையில் தொட்டி இருக்காது, வெந்நீர்ப் பையை அந்த இடத்தில் பத்து நிமிடம் வையுங்கள். ராத்திரி எழுவது தொல்லையாக இருந்தால் சிறுநீர்ப் பாதையைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை பற்றி உங்கள் மருத்துவரிடம் கேட்கலாம். பிரஷர் மாத்திரையும் போடுவதால் படுக்கையிலிருந்து மெதுவாக எழ வேண்டும், தலை சுற்றும்.

சின்ன வயதுப் பழக்கத்தால் இது வராது. வரவே வராது. இந்தக் குற்ற உணர்வை ஊதிவிட்டுப் பணம் பறிப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். மனைவிக்கும் ஒட்டாது, ஒட்டுவதற்கு அங்கே கிருமி இல்லை. இரண்டாவது குழந்தைக்கும் பொதுவாக இது தடையாக இருப்பதில்லை. ஒரு வருடம் முயன்றும் தங்கவில்லை என்றால் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளலாம். இப்போதே வேண்டாம்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீர் அடைத்துக்கொள்வது, சிறுநீரில் ரத்தம், விதையில் கட்டி இவற்றில் எது வந்தாலும் கஷாயம், ஊசி எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

சீன மருந்தை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று மனசு சொன்னால், தடுக்க மாட்டேன். ஏழு பொட்டலத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டு அந்த வைத்தியரிடம் திரும்பப் போங்கள். சூப்பர்வைசர் கூட வந்தால் மொழிக்கு உதவியாக இருக்கும். ஒவ்வொரு மூலிகையின் பெயரையும் எத்தனை கிராம் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல வைத்தியர் தயங்க மாட்டார். எழுதித் தர மறுத்தால் பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். காய்ச்சத் தொடங்கும் முன் கிரியேட்டினின், பொட்டாசியம், கல்லீரல் பரிசோதனை மூன்றும் ஒரு முறை. நான்கு வாரம் கழித்து மறுபடி ஒரு முறை. பிரஷரை வாரம் ஒரு தடவை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். எட்டு வாரத்தில் அந்த ஒன்பது கேள்விப் படிவத்தில் 6 புள்ளி குறையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், அடுத்த மூன்று மாதக் கோர்ஸ் வேண்டாம்.

இன்று ஷிஃப்ட் முடிந்ததும் உங்கள் வீட்டம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். பதினான்கு மாதமாக நீங்கள் ஏதோ மறைக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. அந்தச் சீட்டு கைக்கு வந்ததும் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், பெயர் பெயராகப் பார்த்துச் சொல்கிறேன்.